பலூன், புளியங்கொட்டை, மூணு பந்து

எங்கள் வகுப்பில் ஜக்ளிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஆட்கள் குறைந்தது ஐந்து பேர். ஐந்து பேரும் இன்னும் ஆரம்பிக்காததற்குச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். "நல்ல செட் ஒண்ணு வாங்கணும் மச்சி, வாங்கிட்டா ஆரம்பிச்சிடலாம்." கிடார் வாங்கினால் இளையராஜா ஆகிவிடலாம் என்று நினைத்த அதே கூட்டம்தான் இது. (நானும் அதில் உண்டு. கிடார் பரணில் இருக்கிறது.)

என் கருத்து இதுதான்: முதல் செட்டைக் கடையில் வாங்காதீர்கள், நீங்களே செய்யுங்கள். காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. செய்யும்போது கற்றுக்கொள்கிற சில விஷயங்களை, வாங்கினால் கற்றுக்கொள்ளவே மாட்டீர்கள். அதே நேரம் "எல்லாத்தையும் வீட்டிலேயே செய்யலாம்" என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் செய்த தப்பு

எல்லோரையும் போல நானும் டென்னிஸ் பந்தில்தான் ஆரம்பித்தேன். மூன்று பந்து, ஒரு மாலை, ஒரு கட்டில். அன்று மாலை நான் கற்றுக்கொண்டது ஜக்ளிங் அல்ல, கட்டிலுக்கு அடியில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பதுதான்.

டென்னிஸ் பந்து துள்ளுவதற்காகவே செய்யப்பட்டது. கையில் சரியாக விழுந்தால்கூட உள்ளங்கையில் பட்டு எகிறிவிடும். கீழே விழுந்தால் உருண்டு ஓடும். எடையும் 58 கிராம் அளவுதான் என்பதால் கையில் வந்து சேர்ந்ததே தெரியாது. பத்து நிமிடப் பயிற்சியில் எட்டு நிமிடம் குனிந்து பொறுக்குவதிலேயே போகிறது. அப்புறம் "எனக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். வராமல் போனது நமக்கில்லை, பந்துக்கு!

ஜக்ளிங் பந்துக்கு வேண்டிய குணம் துள்ளாமை. விழுந்த இடத்தில் 'பொத்'தென்று உட்கார வேண்டும். இந்தக் குணம் எதற்கு இருக்கும்? தானியம் நிரப்பிய பைக்கு இருக்கும். உள்ளே இருக்கும் மணிகள் ஒன்றோடொன்று உரசி, வந்த வேகத்தைத் தின்றுவிடும்.

பந்து செய்யும் முறை

கடைப் பந்துகள் பெரும்பாலும் 110 முதல் 140 கிராம் வரை, விட்டம் ஆறரை செ.மீ. பக்கத்தில் இருக்கும். ஆறரை செ.மீ. விட்டமுள்ள கோளத்தின் கொள்ளளவைப் போட்டுப் பாருங்கள், சுமார் 144 மில்லி லிட்டர் வரும். அந்த இடத்தில் அரிசியை நிரப்பினால் ஏறக்குறைய 120 கிராம் பிடிக்கும். அதாவது அரிசிக்கும் ஜக்ளிங் பந்துக்கும் பொருத்தம் பார்த்த மாதிரி அமைந்திருக்கிறது.

தேவையானவை: தானியம் 360 கிராம், சாதாரணப் பிறந்தநாள் பலூன் பன்னிரண்டு, மெல்லிய பிளாஸ்டிக் கவர் மூன்று, கத்திரிக்கோல், ஒரு தராசு. வீட்டில் தராசு இல்லையென்றால் மளிகைக்கடை அண்ணாச்சியிடமே 120 கிராமாக மூன்று பொட்டலம் கேளுங்கள். (ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.)

ஒவ்வொரு பொட்டலத்தையும் கவரில் போட்டு, காற்று இல்லாமல் திருகி, ஒட்டு நாடாவால் உருண்டையாகக் கட்டுங்கள். பலூனின் கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை விரித்து உருண்டைக்கு மேல் போர்த்துங்கள். அடுத்த பலூனை எதிர்ப்பக்கத்திலிருந்து போர்த்துங்கள். இப்படி மாற்றி மாற்றி நான்கு அடுக்கு. மேல் அடுக்கு கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் பலூன் ரப்பர் சில மாதங்களில் பிசுபிசுத்துப் போகும், அதனால் இந்த மாற்றம் தவிர்க்க முடியாது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வெட்டிய பலூன் துண்டுகளை உடனே குப்பையில் போடுங்கள். தொண்டையில் அடைத்தால் ஆபத்து. ரப்பர் ஒவ்வாதவர்கள் பலூனை விட்டுவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியில் சிறு பை தைத்துக்கொள்ளலாம். துணிப்பை இன்னும் நன்றாகவே கையில் உட்காரும்.

அம்மாவின் எதிர்ப்பு

நான் அரிசி டப்பாவைத் திறந்ததுமே அம்மா வந்துவிட்டார். "சாப்பிடுற பொருளைத் தூக்கி எறிஞ்சு விளையாடாதடா." மூடநம்பிக்கை என்று முதலில் வாதாடினேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறை அது. அதோடு அரிசிப் பந்துக்குள் வண்டு வைக்கும் என்பதையும் இரண்டு மாதம் கழித்து அனுபவத்தில் கண்டுகொண்டேன். பலூனுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு பிரமை. பிரமை இல்லை, நிஜம்!

மாற்று வழியையும் அம்மாதான் காட்டினார். புளி ஆயும்போது எடுத்துப்போடும் புளியங்கொட்டை. காசில்லை, உணவும் வீணாகவில்லை. நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். கொட்டை கொஞ்சம் பெரிசு என்பதால் பலூனைவிடத் துணிப்பைக்குத்தான் பொருத்தம். பிடிக்கும்போது 'சரக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே தாளம் சரியாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கடையில் காசு கொடுத்து வாங்கிய பந்தில் எனக்கு இது கிடைக்கவில்லை.

உப்பு வேண்டாம், ஈரம் இழுத்துக் கட்டியாகும். மணலைப் போட்டால் சீக்கிரமே எடை ஏறிவிடும், அதனால் பந்தைச் சின்னதாகச் செய்ய வேண்டும். அழகாக இருக்கிறது என்று குன்றிமணியையோ, கொல்லையில் கிடக்கிறது என்று ஆமணக்கு விதையையோ போடவே போடாதீர்கள். குன்றிமணிக்குள் அப்ரின், ஆமணக்குக்குள் ரைசின். உடைந்த விதை ஒரு குழந்தையின் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஏன் எடை ஒன்றாக இருக்க வேண்டும்?

என் முதல் மூன்று பந்துகளைக் கைக்கணக்கில்தான் நிரப்பினேன். ஒன்று 100 கிராம், ஒன்று 150. சரி, மேலே போனால் எல்லாம் ஒன்றுதானே, கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தானே விழும் என்று பிளஸ் டூ இயற்பியலை நம்பினேன். விழுவது உண்மையில் அப்படித்தான். ஆனால் எறிவது? கை முந்தின பந்தைப் பார்த்துத்தான் அடுத்த பந்துக்குப் பலம் ஒதுக்குகிறது. ஒரே பலத்தில் 100 கிராம் கூரைக்குப் போகும், 150 கிராம் மூக்கருகே நின்றுவிடும். பாடப் புத்தகத்தில் இருந்த இயற்பியல் சரி, நான்தான் பாதியோடு நிறுத்திவிட்டேன். இதைத்தான் 'செய்தால் கற்றுக்கொள்வது' என்று சொன்னேன். மூன்றும் ஒரே எடையில் பெட்டியில் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு எழுந்திருக்காது.

இன்னும் கொஞ்சம் கணக்கு. கையிலிருந்து 60 செ.மீ. உயரம் எறிந்த பந்து திரும்பி அதே உயரத்துக்கு வர சுமார் 0.7 வினாடி ஆகும். ஒரு மீட்டர் எறிந்தால் 0.9 வினாடி. உயரத்தை மூன்றில் இரண்டு பங்கு கூட்டினாலும் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது 0.2 வினாடிதான், தவறோ அதைவிட வேகமாகக் கூடும். அதனால்தான் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே எறியச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தவர் கிளாட் ஷானன். ஆமாம், 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதிய அதே ஷானன்தான். பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் இருக்கும் நேரத்தையும் கூட்டி, கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கை காலியாக இருக்கும் நேரத்தையும் பந்தைப் பிடித்திருக்கும் நேரத்தையும் கூட்டி, பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டும் சமம். அவ்வளவுதான் அவருடைய தேற்றம். 0.7 வினாடி பறந்து, 0.3 வினாடி கையில் இருக்கும் மூன்று பந்துகளை இதில் போட்டால், ஒவ்வொரு முறையும் நம் கை காலியாக இருப்பது சுமார் 0.37 வினாடி. பயப்பட வேண்டாம், அது போதுமான நேரம்.

எனக்கு ஷானனைப் பிடித்ததற்குக் காரணம் தேற்றம் அல்ல. 1970களில் அவர் ஒரு ஜக்ளிங் இயந்திரம் செய்தார். பெரிய ஆய்வுக்கூடப் பொருட்களால் இல்லை, பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ மாதிரியான எரெக்டர் செட்டால். இறுக்கிக் கட்டிய ஒரு தோல்முரசின் மேல் மூன்று எஃகுக் குண்டுகளைத் துள்ளவிட்டு அது விளையாடியது. எம்.ஐ.டி. பேராசிரியரே பொம்மைப் பெட்டியில் ஆரம்பித்திருக்கிறார், நமக்கு மட்டும் இறக்குமதி செட் கேட்கிறது.

பந்துக்கு அப்பால்

பந்து வந்துவிட்டால் மற்றவற்றிலும் கை அரிக்கும். நான் முயன்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன், தோல்விகளோடு.

டெவில் ஸ்டிக்: இரண்டு கைக்குச்சிகளால் ஒரு நடுக்குச்சியைத் தட்டித் தட்டி அந்தரத்தில் நிறுத்துவது. நடுக்குச்சி கட்டைவிரல் பருமன், 60-65 செ.மீ. நீளம். கைக்குச்சிகள் சுண்டுவிரல் பருமன், ஒன்றரை அடி. மூன்றுக்கும் மேலே சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கிழிந்த ட்யூப்பைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். நீள நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றுங்கள். நடுக்குச்சியின் இரு முனைகளிலும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். எடை முனைகளில் இருந்தால் குச்சி மெதுவாகச் சுழலும், நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். கடைச் சாமானுக்குக் கொஞ்சமும் குறையாத ஒன்று என்றால் என் அனுபவத்தில் இதுதான்.

பொய்: பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நியூசிலாந்தின் மவோரி மக்களுடையது இந்தக் கயிற்றுப் பந்து. இரண்டு நீளமான கால்பந்துக் காலுறை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தானிய உருண்டை, முடிந்தது வேலை. நீளம் விரல் நுனியிலிருந்து தோள் வரை.

கிளப்: தோல்வி. குளிர்பான பாட்டிலுக்குள் தரை துடைக்கும் மாப் கம்பைச் செருகினேன். கைப்பிடி கனத்துப்போய், சுழல வேண்டிய இடத்தில் சுழலாமல், அறையின் ட்யூப் லைட்டைப் பார்த்துப் போனது. வார்டனிடம் நான் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். சரியான கிளப் அரை மீட்டர் நீளம், 220 கிராம் அளவு. விரலில் வைத்துப் பார்த்தால் கைப்பிடியில் இல்லாமல், பாட்டில் பகுதி ஆரம்பிக்கும் இடத்தருகே சமநிலை நிற்க வேண்டும். மெல்லிய மரக்குச்சி போட்டுப் பிறகு செய்தேன். சுமாராக வந்தது.

டயபோலோ: சீனாவில் மூங்கிலில் செய்து ஆடியது. நான் தேங்காய்ச் சிரட்டை இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்தேன். பார்க்க அருமை. கயிற்றில் விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. எந்த இரண்டு சிரட்டையும் ஒரே எடையில் இருப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கி, அடியின் நடுவில் துளையிட்டு, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கியபோதுதான் நின்றது. சரியான நடுவைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தின் அடியைக் காகிதத்தில் வரைந்து வெட்டி நான்காக மடியுங்கள். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மையம்.

இதெல்லாம் புதுசா என்ன?

நான் கூடத்தில் பந்து எறிந்துகொண்டிருந்ததைப் பார்த்த அப்பத்தா கேட்ட கேள்வி இது. ஐந்து கல்லைப் பொறுக்கி, ஒன்றை மேலே எறிந்து அது விழுவதற்குள் மற்றதை அள்ளும் சொட்டாங்கல்லை அவர் எழுபது வயதிலும் தவறவிடுவதில்லை. என் முதல் பந்து விழும்போது அவர் கல் ஒன்றுகூட விழவில்லை.

அவர் சொன்னது சரி. கழற்சிக்காயை வைத்துப் பெண்கள் கழங்காடியது பழந்தமிழ் நூல்களில் வருகிறது. காய்களை மாற்றி மாற்றி எறிந்து பிடித்தபடி பாடும் அம்மானை, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் தனி வரிப்பாடலாகவே இருக்கிறது. பசிபிக் கடலில் டோங்கா தீவுப் பெண்பிள்ளைகள் மரக்கொட்டைகளையும் எலுமிச்சையையும் வைத்து ஆடுவதை ஹிக்கோ என்கிறார்கள். எகிப்தின் பெனி ஹசான் கல்லறைச் சுவரில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியத்தில் பெண்கள் பந்து எறிகிறார்கள். கிடைத்ததை எடுத்து எறிவதுதான் இந்தக் கலையின் ஆரம்பம். செட் என்பது நேற்று வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். நாம் மூன்று பந்து செய்துவிட்டு அதற்கு 'கைவினை' என்று பெயர் வைக்கிறோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே நாலு மூங்கில், ஒரு கயிறு, ஒரு பழைய சைக்கிள் ரிம், ஒரு தட்டு வைத்து வித்தை காட்டும் கழைக்கூத்தாடிக் குடும்பம் எல்லாவற்றையும் கையாலேயே செய்கிறது. நாம் என்ன பெயர் வைக்கிறோம்? 1959இன் பம்பாய் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம், பாட்டு, நடனம், வித்தை என்ற பேரில் பொது இடத்தில் காசு வாங்குவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அந்தச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பிச்சையைக் குற்றமாக்கும் பகுதிகள் செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல்தான் தீர்ப்பளித்தது. அதே வித்தையைக் கல்லூரி விழா மேடையில் செய்தால் கைதட்டு, கோப்பை. குறுந்தொகையிலேயே கயிற்றின்மேல் ஆடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அவர்களைக் கலைஞர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கயிற்றில் ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது சரியானது. ஆனால் தப்பு, குழந்தையின் வேலையில் இருக்கிறது, வித்தையில் இல்லை.

எதைச் செய்யக் கூடாது

இப்போது ஆரம்பத்தில் சொன்ன சண்டை. என் விதி எளிமையானது: கீழே விழுந்தால் நஷ்டம் பொருளுக்கு மட்டும் என்றால், வீட்டில் செய்யுங்கள். கீழே விழுவது நீங்கள் என்றால், செய்யாதீர்கள்.

பந்து, காலுறைப் பொய், டெவில் ஸ்டிக் எல்லாம் முதல் வகை. பொய்க்கால், ஒற்றைச் சக்கர சைக்கிள், கட்டிய கயிறு, தொங்கும் துணி இதெல்லாம் இரண்டாம் வகை. பொய்க்கால் குதிரைக்காரர்கள் காலில் கட்டும் கட்டையைப் பார்த்து "ரெண்டு அடிதானே" என்று நினைக்காதீர்கள். எந்த மரம், எங்கே கட்டு, எவ்வளவு இறுக்கம் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த பாடம். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிக்கென்றே பள்ளி ஆரம்பித்ததும் இதனால்தான். உடம்பைத் தாங்கும் வித்தைக்குக் குரு வேண்டும். தீ வைத்துச் சுற்றுவது மூன்றாம் வகை. நனைத்த பருத்தித் துணி எரிந்துகொண்டே பிய்ந்து பறக்கும். வேண்டவே வேண்டாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

கட்டிலுக்கு முன்னால் நில்லுங்கள், விழும் பந்து மெத்தையில் விழும். நடந்துகொண்டே போகிறீர்கள் என்றால் சுவரைப் பார்த்து நில்லுங்கள். முதலில் ஒரே பந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு, கண்ணுக்கு மேலே வளைந்து போக வேண்டும். பிறகு இரண்டு: முதல் பந்து உச்சிக்குப் போனதும் இரண்டாவதை எறியுங்கள். கையிலிருந்து கைக்குக் கடத்துவது கள்ள ஆட்டம். அது பழகிய பிறகுதான் மூன்று.

ஜெர்மனியில் ஓர் ஆய்வில், மூன்று மாதம் மூன்று பந்து பழகியவர்களின் மூளையில் அசைவைப் பார்த்து அறியும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்ததாக 2004இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பழகுவதை நிறுத்தியதும் அது ஓரளவு குறைந்தும் போனதாம். அறிவு கூடும் என்று உங்கள் அம்மாவை மயக்க இதைப் பயன்படுத்தலாம். அறிவு கூடும் என்று ஆய்வு சொல்லவில்லை என்பதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் :-)

எனக்கு மூன்று பந்து முப்பது பிடி தாண்ட மூன்று வாரம் ஆனது. அந்தப் பந்துகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய் இன்னும் கொஞ்சம் புளியங்கொட்டை கேட்டிருக்கிறான். செட் வாங்கிக் கொடுத்திருந்தால் அவன் அழுதுகொண்டு என்னிடம் வந்திருப்பான்.

பி.கு: வகுப்பிலிருந்து படிக்கும் அந்த ஐந்து பேருக்கு மட்டும். திங்கட்கிழமை பதினைந்து துணிப்பை கொண்டுவருகிறேன். புளியங்கொட்டை உங்கள் பொறுப்பு. இனி சாக்கு சொல்ல முடியாது.